காரின் இடக்கு: புணரியல் நோக்கில் ஓர் ஆய்வு

திருச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளை நிறச் சிறிய கார், வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்று ஒலிப்பது ஏன்? அந்த ஒலியை வீட்டிலேயே நிறுத்த முடியுமா? இவையே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். தமிழ்த் துறைகள் இதை இத்தனை நாள் கவனியாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் தலைமுறைப் பேராசிரியர்கள் பெரும்பாலும் ஸ்கூட்டரில் போனவர்கள்.

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் சொல்லியாக வேண்டும் என்பது மரபு. ஆக்கியோன், முப்பத்திரண்டு ஆண்டு இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்ற நான். வழி, என் மனைவியின் தம்பி; துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் பார்த்தவர், எனவே இரும்பு குறித்த எல்லாவற்றிலும் தன்னை முதல்நூலாகக் கருதுபவர். எல்லை, வடக்கே கொள்ளிடம், தெற்கே ஓலையூர், கிழக்கே ஏர்போர்ட், மேற்கே எடமலைப்பட்டிபுதூர். நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு, மைத்துனர் சொல்லச் சொல்ல நான் மறுத்தது. நுதலிய பொருள், தேய்ந்துபோன ஒரு சி.வி. ஜாயின்ட், அதாவது திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு. கேட்போர், அடுத்த வீட்டுக்காரர்; யாரும் கேட்கச் சொல்லாமலே கேட்பவர். பயன், மெக்கானிக் கூலி மிச்சம். இந்த எட்டில் கடைசி மட்டும் பின்னால் நிரூபணமாகவில்லை என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

களம்

ஒலி முதலில் தோன்றிய இடம் ஸ்ரீரங்கம். என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். நடந்து வலம் வர முடியாது என்பதால் மாதம் ஒருமுறை காரிலேயே சித்திரை வீதி நான்கையும் சுற்றிவருவது எங்கள் வழக்கம். கோயில் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே கீழச் சித்திரையிலிருந்து தெற்குச் சித்திரைக்கு ஒரு வலத் திருப்பம், அங்கிருந்து மேலச் சித்திரைக்கு இன்னொன்று, இப்படி மூலைக்கு ஒன்றாக நான்கு. 2024 ஐப்பசியில் ஒரு மாலை, நான்கு மூலையிலும் இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து ‘டக் டக் டக்’ என்று வந்தது. வீதி நேரானதும் அடங்கிவிட்டது. திரும்பி வரும் வழியில் இடப்பக்கம் திரும்பினேன், பேச்சே இல்லை. கோயிலை வலம் வரும்போது மட்டும் முனகுகிறதே, இது நாத்திகக் காரோ என்றுகூட ஓர் ஐயம் எழுந்தது.

பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி, “என் முட்டி மாதிரியே சத்தம் போடுதுங்க” என்றாள். இந்தக் கூற்றை நான் அப்போது கேலியாக எடுத்துக்கொண்டேன். பத்து நாள் ஆராய்ச்சிக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு அதுவே என்பதை உரிய நேர்மையோடு பதிவு செய்கிறேன்.

இங்கே ஒரு விலகல் தேவைப்படுகிறது. சித்திரை வீதி மூலைகளில் திரும்புவது எளிய காரியமன்று. அந்த வீதிகள் அமைந்தது தேருக்கு. தேருக்கோ ஸ்டியரிங் கிடையாது. மூலை வந்ததும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட்டு, ஒரு பக்கத்தைத் தடுத்து, மறுபக்கத்தை வடத்தால் இழுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். உருண்டு வரும் சக்கரத்துக்கு எதிரே குனிந்து நின்று செய்யும் வித்தை அது. ஒருவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று நாம் திட்டுவது அந்தத் தொழிலாளிகளுக்குச் செய்யும் அநியாயம். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது எங்கள் திருச்சி பெல் தொழிற்சாலைதான். அவர்கள்கூட அதில் சி.வி. ஜாயின்ட் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை. தேரை இழுப்பது வடம். சக்கரம் வெறுமனே உருள்கிறது. தன்னைத் தானே இழுக்கவும் வேண்டும், இழுக்கிற அதே சக்கரம் திரும்பவும் வேண்டும் என்ற பேராசை காருக்குத்தான் வந்தது.

அதுவும் எல்லாக் காருக்கும் அல்ல. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் திரும்புவது முன்சக்கரம், தள்ளுவது பின்சக்கரம். வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. 1983 டிசம்பர் 14 அன்று ஹர்பால் சிங் என்பவரின் கையில் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியைக் கொடுத்தார். அந்தச் சாவியோடு முன்சக்கர இழுவையும் நம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்தது. அதன் பின்னாலேயே இந்த மூட்டும், மூட்டு வலியும் வந்தன.

முன்னோர் கருத்து

ஒலியைக் குறித்து எங்கள் தெருவில் நிலவிய கொள்கைகளைத் தொகுக்கிறேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அடுத்த வீட்டுக்காரர், “வீல் பேரிங் சார், சந்தேகமே இல்ல” என்றார். 1928 முதல் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிவரும் பணிமனையிலிருந்து வந்தவர் என்பதால் இதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் பேரிங் போனால் நேர்ச்சாலையிலும் ‘ஹூம்’ என்று ஒரே சுருதியில் முனகும், திருப்பத்துக்குக் காத்திருக்காது. எதிர்வீட்டு வாட்ச்மேன், வீல் கப்புக்குள் கல் புகுந்திருக்கிறது என்றார். கப்பைக் கழற்றிப் பார்த்தோம். கல் இருந்தது. எடுத்தோம். ஒலி போகவில்லை. ஒரு கருதுகோள் உண்மையாகவும் பயனற்றதாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று முனைவர் பட்ட ஆய்வேடுகளில்தான் கிடைக்கும்.

மைத்துனர் வந்ததும் ஒரு பரிசோதனை நடந்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்து, முதல் கியரில் மெல்ல ஆக்சிலேட்டரை அமுக்கி வட்டமடிக்க வேண்டும், பிறகு இடப்பக்கம். சிங்கப்பூர் விமானம் தலைக்கு மேல் போகும்போது இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. கே.கே. நகரில் இது முக்கியமான விதி.

திரும்புழி ஒலித்தலும் நேர்வழி அடங்கலும்
மூட்டுத் தேய்ந்தமைக்கு முதல்அடை யாளம்.

இது என் நூற்பா. ‘திரும்புழி’ என்றது ஸ்டியரிங் ஒடிந்த நிலையை. ‘நேர்வழி அடங்கல்’ என்றதனால், நேராகப் போகும்போது மனிதன் தன் காரில் குறையே இல்லை என்று நம்பிக்கொள்வான் என்பதும் பெறப்படும். வலம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் சாய்வதால், வலத்தில் ஒலித்தால் பெரும்பாலும் நோய் இடத்தில் என்க.

“மாமா, லெஃப்ட் அவுட்டர் ஜாயின்ட் போயிருச்சு” என்றார் மைத்துனர். நூற்பா எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. அவருக்கு மூன்று நொடி.

சொல்லாராய்ச்சி

‘டக்’ என்பதை அப்படியே எழுதத் தமிழ் இடம் தராது. ட என்னும் எழுத்து சொல்லுக்கு முதலில் வாராது. டம்பம் தமிழுக்கு வந்தால் இடம்பம் ஆகும். வல்லின மெய்யில் சொல் முடியவும் முடியாது. கடைசியில் ஓர் உகரம் துணைக்கு வர வேண்டும். இரண்டு விதியையும் ‘டக்’ மீது ஏற்றிப் பாருங்கள். முன்னால் இகரம், பின்னால் உகரம்: இடக்கு.

நான் இதை வலிந்து கொண்டுவரவில்லை. என் கார் மூன்று மாதமாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது, இலக்கணப்படி எழுதினால், ‘இடக்கு, இடக்கு, இடக்கு’ என்பதுதான். மேலும் சொல்லின் தலையிலேயே ‘இட’ இருக்கிறது. பழுது எந்தப் பக்கம் என்று காரே சொல்லியிருக்கிறது. இதை மைத்துனரிடம் விளக்கியபோது, “அப்ப ரைட் சைடு போனா என்ன சொல்லும் மாமா?” என்று கேட்டார். ஆய்வின் எல்லைக்கு உட்படாத கேள்வி.

இது இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா என்பதும் தீர்க்கப்பட வேண்டும். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. சலசல என்பதில் ஒரு ‘சல’வை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் என் காரின் ஒற்றை ‘டக்’கும் முழுப் பொருள் தருகிறது, மெக்கானிக் அந்த ஒன்றைக் கேட்டே விலை சொன்னார். எனவே அடுக்குத்தொடர் என்பது என் துணிபு. அடுக்குத்தொடருக்கு இலக்கணம் நான்கு வரை எல்லை வைத்திருக்கிறது. கார் அதை மதிக்கவில்லை.

புணரியல்

இனி மூட்டின் உள்ளே போகலாம். என் வாழ்நாளில் நான் நடத்திய எந்தப் பாடமும் இரும்பில் வார்த்து வைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்ததில்லை. காருக்கு அடியில் படுத்தபோதுதான் பார்த்தேன்.

புணர்ச்சி என்றால் நிலைமொழியும் வருமொழியும் சேர்வது. கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டு நிலைமொழி. அது சுழலும், இடம் வலம் போகாது. சக்கரம் வருமொழி. அது பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், இடம் வலம் திரும்பும். இந்த இரண்டும் ஒரே கோட்டில் இல்லாமல் கோணலாக நிற்கும்போது சுழற்சியை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடத்த வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் லண்டனில் ராபர்ட் ஹூக் விவரித்த மூட்டு இதற்கான பழைய வழி. லாரியின் நீண்ட தண்டில் கூட்டல் குறிபோல் இருக்குமே, மெக்கானிக்குகள் ‘ஜாயின்ட் கிராஸ்’ என்பார்களே, அதுதான். அதில் ஒரு குறை உண்டு. இரண்டு தண்டுகளும் 30 டிகிரி கோணலில் நின்றால், உள்ளே சீராக 100 என்று வரும் வேகம் வெளியே 87-க்கும் 115-க்கும் இடையே ஏறி இறங்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. சுழற்சி நுழைந்தபடி வெளியே வராமல் திரிந்து வருகிறது. எனவே ஹூக் மூட்டு விகாரப் புணர்ச்சி.

நுழைந்தது மாறாமல் அப்படியே வெளியே வந்தால் அது இயல்புப் புணர்ச்சி. அதைச் செய்வதுதான் சி.வி. ஜாயின்ட். அந்த இரண்டு எழுத்துக்கும் பொருளே ‘மாறா வேகம்’. ஃபோர்டு கம்பெனியில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா 1920களில் இதற்கு ஒரு வடிவம் கண்டார். அவர் பெயரை எழுதும்போது ரகரத்தில் தொடங்கி, சொல்லும்போது ஷகரத்தில் தொடங்குகிறார்கள். மொழிமுதல் விதிகளில் எதற்கும் அஞ்சாத குடும்பம். 1959-இல் பிரிட்டனில் வந்த மினி கார் இந்த மூட்டைச் சாதாரண மனிதர்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

அமைப்பு இப்படி. வெளியே ஒரு கிண்ணம், உள்ளே ஒரு நட்சத்திரம். கிண்ணத்தின் உட்சுவரில் ஆறு வளைந்த பள்ளங்கள். நட்சத்திரத்தின் மேல் அவற்றுக்கு நேராக ஆறு. இரண்டுக்கும் நடுவே, ஒரு கூண்டுக்குள், ஆறு எஃகுக் குண்டுகள். தண்டுகள் எந்தக் கோணத்தில் நின்றாலும் ஆறு குண்டுகளும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே போய் நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே தூரம், ஒரே நியாயம். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் ஒரே வேகம். நம் ஊரில் பஞ்சாயத்து என்றால் ஐவர். இங்கே ஆறு பேர். இருந்தும் ஒரு பக்கமும் சாய்வதில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும், 45 டிகிரியை ஒட்டிப் போனாலும் தீர்ப்பு மாறாது.

தண்டின் உள்முனையில், கியர் பாக்ஸ் ஓரமாக, மூன்று உருளைகளோடு இன்னொரு மூட்டு இருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. அது எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. நாங்களும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

இந்த ஆறு குண்டுகளும் எவ்வளவு உழைக்கின்றன என்று ஒரு கணக்குப் போட்டேன். 12 அங்குல ரிம்மில் 145/80 டயர் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 590 சுற்று. கே.கே. நகரிலிருந்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்வதற்குள் ஏழாயிரம் சுற்றாகிவிடும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய காருக்கு ஏறக்குறைய ஆறு கோடி. நாமஜபத்திலும் இவ்வளவு எண்ணிக்கைக்குக் கூட்டம் சேர்க்க வேண்டியிருக்கும்.

இப்படி உழைக்கிறதே என்று ஒரு சொட்டு எண்ணெய் அவ்வப்போது விட முடியாது. பூட்டும்போது வைத்த கிரீஸோடு ஆயுள் முழுக்க ஓட வேண்டும். மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ், கண்மை நிறம், கண்மையைவிட அழியாதது. வேட்டி கட்டிக்கொண்டு யாரும் இந்த ஆய்வில் இறங்க வேண்டாம். அந்த கிரீஸைக் காப்பது பூட் என்னும் ரப்பர் உறை, மடிப்பு மடிப்பாக ஆர்மோனியத் துருத்திபோல் இருக்கும். முழுக் கதையும் இந்த உறையில்தான் இருக்கிறது. மூட்டு தானாகச் சாவது அபூர்வம். உறை கிழிந்துதான் சாகிறது. கிழிசல் ஒரு விரல்நகம் அளவு இருந்தால் போதும். சக்கரம் சுற்றச் சுற்ற கிரீஸ் வெளியே தெறிக்கும், காலி இடத்துக்கு மணலும் தண்ணீரும் குடிவரும், குண்டுகள் பள்ளத்தைத் தின்னத் தொடங்கும். பள்ளத்தில் விழுந்த குழியைக் குண்டு தாண்டும் ஓசைதான் ‘டக்’. உறையின் விலை சில நூறு ரூபாய். அதைக் கவனியாமல் விட்டால் ஆயிரக்கணக்கில்.

எங்கள் தெருவைச் சாக்கடைக் குழாய்க்காகத் தோண்டி, ஏனோதானோவென்று மூடி, ஒரு மழைக்காலம் முழுக்கச் செம்மண் குழம்பாக விட்டிருந்தார்கள். உறை கிழிந்தது அப்போதாகத்தான் இருக்க வேண்டும். விகாரம் மூன்று வகை என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னேன்: தோன்றல், திரிதல், கெடுதல். உறை கெட்டது. கிரீஸ் சேறாகத் திரிந்தது. ஒலி தோன்றியது. வரிசைதான் தலைகீழ்.

ஒலி என் கவனத்துக்கு வந்ததற்கு ஒரு துணைக்காரணமும் உண்டு. 1976-இல் திறந்த காவிரிப் பாலத்தில் முன்பெல்லாம் காரை விட்டால் இணைப்புக்கு இணைப்பு ‘தடக்’ என்று கேட்கும். அந்தப் பாலத்தை 2022 செப்டம்பரில் மூடி மூட்டு வைத்தியம் செய்து 2023 மார்ச்சில் திறந்தார்கள். பாலம் பேச்சைக் குறைத்ததால்தான் காரின் பேச்சு என் காதுக்கு எட்டியது என்று ஒரு கருத்தை முன்வைத்தேன். மைத்துனர் ஏற்கவில்லை.

நட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். முட்டுக்கட்டைதான், இம்முறை மரியாதையோடு. மைத்துனர் தன் கையால் வெல்டிங் செய்த இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்திருந்தார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழைபவருக்கு இந்த ஆய்வு பயன்படாது, வேறு எதுவும் பயன்படாது.

நட்டெனப் படுவது கழலா இயல்பிற்று.

இதுவும் என் நூற்பா. தண்டைச் சக்கரத்தோடு பிடித்துவைக்கும் நடு நட்டு, 32 எம்.எம். கார் தரையில் நிற்கும்போதே, தூக்குவதற்கு முன், அதைத் தளர்த்திவிட வேண்டும். கோட்டர் பின்னை நிமிர்த்தி உருவினோம். சாக்கெட்டை மாட்டி மைத்துனர் ஏறி நின்றார். நட்டு அசையவில்லை. நான் ஏறினேன். அசையவில்லை. ‘நட்டு’ என்பதற்குத் தமிழில் ‘நட்புக் கொண்டு’ என்றும் பொருள். இந்த நட்டும் தண்டும் 2007 முதல் பிரியாதவை. காவிரித் தண்ணீரும் செம்மண்ணும் சாட்சியாகத் துருவால் கட்டுண்டவை. வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரம் செய்தவர், இரும்புக் கடைப் பக்கம் போய் வந்திருக்க வேண்டும்.

அப்போது மைத்துனருக்கு ஓர் ஐயம் வந்தது. சைக்கிளின் இடப்பக்கப் பெடல் தலைகீழ் மரை அல்லவா? அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதுவும் இடப்பக்கச் சக்கரம். ஆகவே இதுவும் தலைகீழ் மரையாக இருக்கலாம். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை இன்னெங்கோ கொண்டுபோய் மாட்டி உரை சொல்வதைப் படித்து வளர்ந்தவன் நான். பெடலையும் காரையும் மாட்டிய இந்த உரைநயத்தில் மயங்கிவிட்டேன். ஒரு மணி நேரம், இரண்டு பேரும் மாறி மாறி, முழு பலத்தோடு, அந்த நட்டை மேலும் இறுக்கினோம்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி, “ரைட் சைடு நட்ட லேசா திருப்பிப் பாத்தா எது எந்தப் பக்கம்னு தெரியாதா?” என்றாள். அதனால் தெரியாது, வலப்பக்கம் எப்படியும் சாதாரண மரையாகத்தான் இருக்கும் என்று நான் தர்க்கரீதியாக மறுத்தேன். அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு மேலிருந்து, “மரைய டார்ச் அடிச்சுப் பாருங்க சார், எந்தப் பக்கம் ஏறுதுன்னு கண்ணுக்கே தெரியும்” என்றார். பார்த்தோம். தெரிந்தது. சாதாரண மரை. பேரிங் விஷயத்தில் அவரை மறுத்ததற்கு அன்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டோம். மறுநாள் காலை, பழைய அடிபம்பிலிருந்து கழற்றிப்போட்ட ஒரு மீட்டர் குழாயை ஸ்பேனர் பிடியில் செருகினோம். என் எடை 72 கிலோ. குழாயின் நுனியில் நான் நின்றால் சுமார் 700 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அந்த நட்டை இறுக்க இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. இறங்கலாம் என்று காலை எடுக்கும் நொடியில் நட்டு விட்டது. விடும்போது அது சொன்ன சொல் ‘டக்’. நான் குழாயோடு செம்பருத்திச் செடிக்குள் போனேன்.

மீதி வேலை இலேசு என்பதால் விரைவாகச் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றி, கீழ்க்கையின் பந்து மூட்டை விடுவித்து, சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை வெளியே சாய்த்தால் தண்டு தன் பல்வரிசையோடு உருவிக்கொண்டு வரும். உள்முனையைக் கியர் பாக்ஸிலிருந்து பிடுங்கத் தேவையில்லை. பிடுங்கினால் ஆயில் கொட்டும். கிழிந்த உறையை அறுத்து, சேற்றைத் துடைத்து, பித்தளைக் கட்டையை நட்சத்திரத்தின் மேல் வைத்து நாலு போடு போட்டால் சர்க்ளிப் தாழ்ந்து மூட்டு கழன்றுவிடும். பழைய மூட்டைக் கையில் வைத்து அசைத்துப் பார்த்தேன். ஆறு பஞ்சாயத்தாரில் ஒருவர்கூட நிதானத்தில் இல்லை.

புதிய மூட்டைத் தண்டின் பல்வரிசையில் பொருத்தி, சுத்தியலால் தட்டி, உள்ளே சர்க்ளிப் கவ்வும் சத்தம் கேட்டதும் இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். அப்போது கண்ணில் பட்டது: விரித்த தினத்தாளின் மேல், கிரீஸ் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், புத்தம் புதிய உறை.

நிலைமொழிக்கும் வருமொழிக்கும் நடுவே வருவது சாரியை. அது முதலில் போக வேண்டும். மூட்டு மாட்டிய பிறகு அந்தப் பக்கமிருந்து உறையை நுழைக்கவே முடியாது. முப்பத்திரண்டு ஆண்டில் எத்தனை விடைத்தாளில் ‘சாரியை விடுபட்டுள்ளது’ என்று சிவப்பு மையால் எழுதி அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்!

“மாமா, பூட்ட முதல்ல போட்டிருக்கணும்” என்றார் மைத்துனர்.

“சொல்லியிருக்கலாமே மாப்ளே?”

“நீங்கதான் ஏதோ சூத்திரம் சொல்லிக்கிட்டிருந்தீங்க.”

மறுபடி கழற்றினோம். உறை, மூட்டு, பாக்கெட்டில் இருந்த கிரீஸ் மொத்தமும், கிளாம்ப், புது நட்டு, கோட்டர் பின் என்ற வரிசையில் மாட்டி முடித்தபோது திங்கட்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது. மெக்கானிக் கேட்டிருந்த கூலி 900 ரூபாய். சாக்கெட், ஸ்பிரே, பித்தளைக் கட்டை, இரண்டு இரவு புரோட்டா, என் இடுப்புக்குத் தைலம் என்று எங்களுக்கு ஆனது 1,340. பாயிரத்தில் சொன்ன எட்டாவது இங்கே விழுந்தது.

சோதனை

புதன்கிழமை மாலை ஸ்ரீரங்கம் போனோம். மைத்துனர் முன் இருக்கையில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். கீழச் சித்திரையிலிருந்து தெற்குக்கு முதல் திருப்பம். பூக்கட்டும் பெண்களின் பேச்சு, ஒரு ஆட்டோ ஹாரன், வேறொன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. வலம் முடிந்தது. பின்னாலிருந்து மனைவி, “என் முட்டிய மட்டும் இப்படி மாத்த முடியல பாருங்க” என்றாள். அவளுடைய மூட்டிலும் உறை உண்டு, உள்ளே வழுக்கும் நீரும் உண்டு. கிட் மட்டும் கடையில் தொங்குவதில்லை.

எதிர்பாராத விளைவு ஒன்று மறுநாள் தெரியவந்தது. நான் மாலையில் நூலகத்திலிருந்து வரும்போது மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும். மூன்று மாதமாக அந்த முனையில் கார் ‘இடக்கு’ சொன்னதும் வீட்டில் அடுப்பில் தோசைக்கல் ஏறும். நான் காரைப் பூட்டிக் காலைக் கழுவி உட்காரும்போது முதல் தோசை தட்டில் விழும். இது தற்செயல் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை வந்து உட்கார்ந்தேன். தட்டு காலி.

“வந்துட்டீங்களா? சத்தமே கேக்கலியே” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. கல் காயப் பத்து நிமிடம் ஆனது.

இப்போதெல்லாம் தெருமுனையில் திரும்பும்போது ஹாரனை இரண்டு தடவை அடிக்கிறேன்.